நிக்காஹ் தஃப்தரும் ஏழு நிமிடத் தேர்வும்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பாடம் தொடங்கும் வேளையில் ஓர் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய மகள் எங்கள் மகளிர் பிரிவில் படித்தவள். திருமணமாகி லண்டனில் கணவருடன் வாழ்கிறாள். வாழ்க்கைத் துணை விசாவின் முதல் தவணை முடிய இரண்டு மாதமே இருந்தது. "ஹஜ்ரத், அந்தப் பேரு விஷயமா ஜமாஅத்துல ஒரு லெட்டர் குடுத்தீங்களே, அது திரும்பவும் வேணுமாம். அங்க வக்கீல் கேக்குறாராம்" என்றார் அந்த அம்மா.

எந்தப் பெயர் விஷயம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிக்காஹ் தஃப்தரை எழுதியது நானே. மணமகளின் பெயரில் வரும் 'பாத்திமா'வை ஆங்கிலத்தில் எழுதும்போது கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல், வழக்கமாக எழுதும் எழுத்துக்களிலேயே எழுதிவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழும் என் எழுத்தையே பின்பற்றியது. கடவுச்சீட்டில் இருந்ததோ வேறு. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதல் விண்ணப்பத்தின்போது ஜமாஅத் தலைவரின் கையொப்பத்துடன் விளக்கக் கடிதம் ஒன்று கொடுத்துச் சரிசெய்தோம். மூன்றாண்டு கழித்து அதே பிழை மீண்டும் என் வாசலில் வந்து நின்றது.

கடிதத்தை அன்றிரவே எழுதிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. இருவரிடையே வலீயும் சாட்சிகளும் இருந்து, மஹர் பேசி, ஊரறிய நடந்த ஒரு திருமணம், கடல் கடந்ததும் ஏன் காகிதத்தாலும் மொழித் தேர்வாலும் மீண்டும் மீண்டும் நிறுவப்பட வேண்டியதாகிறது? இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? தேடிப் படித்தபோது, நம் மக்களுக்கு இதில் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அவர்களுக்குப் பின்னால் சொந்தச் செலவில் வணிகர்கள் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் குஜராத்தி முஸ்லிம்கள். கரும்புத் தோட்டத்தில் உழைக்கும் இந்தியனை விரும்பிய வெள்ளையர், கடை வைக்கும் இந்தியனை விரும்பவில்லை. 1897ஆம் ஆண்டு நேட்டால் அரசு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அதில் 'இந்தியர்' என்ற சொல்லே இல்லை. துறைமுக அதிகாரி கேட்டால், ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இயலாதவர் உள்ளே வர முடியாது. குர்ஆன் ஓதத் தெரிந்தவர், குஜராத்தியில் ஆயிரக்கணக்கில் கணக்கு எழுதியவர், தமிழில் புலமை பெற்றவர் எவரானாலும் அச்சட்டத்தின் கண்ணில் எழுத்தறியாதவரே.

அதே ஆண்டில் லண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் மாநாட்டில், பிரிட்டிஷ் காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் இந்த முறையையே மற்றவர்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். நிறத்தைச் சொல்லித் தடுத்தால் பேரரசின் இந்தியக் குடிகள் புண்படுவர். மொழியைச் சொல்லித் தடுத்தால் அந்தப் பழி இல்லை. 1901இல் ஆஸ்திரேலியா இதை மேலும் கூர்மையாக்கியது: அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் தேர்வு வைக்கலாம். அந்தத் தேர்வு சட்டத்திலிருந்து நீங்க 1958 ஆயிற்று.

மொழிக்குப் பின் மனைவி. 1913 மார்ச்சில் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் முன் ஒரு வழக்கு வந்தது. ஹஸன் ஈஸப் என்பவரின் மனைவி பாய் மர்யம் கணவருடன் சேர்ந்து வாழ இந்தியாவிலிருந்து வந்திருந்தார். குடியேறியவரின் மனைவிக்கு நுழைவுரிமை உண்டு. ஆனால் இஸ்லாமிய முறைத் திருமணம் பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் திருமணம். ஆகவே இந்நாட்டுச் சட்டத்தின்படி இவர் 'மனைவி' ஆகமாட்டார் என்பது தீர்ப்பு. ஒரே நாளில் முஸ்லிம், இந்து, பார்ஸித் திருமணங்கள் அனைத்தும் கேள்விக்குறியாயின.

இதன்பின் நடந்ததைப் பாடநூலில் வேறு தலைப்பில் நாம் படித்திருக்கிறோம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அனுமதியின்றி நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினர், வேலைநிறுத்தம் மூண்டது. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று காலமானார். மூன்று பவுண்டு தலைவரிக்கு எதிரான போராட்டம் என்றே நாம் நினைவில் வைத்திருக்கும் அதில், மர்யம் என்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் திருமணத்துக்கான நியாயமும் கலந்திருந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்புக்குள் இந்தியத் திருமணங்களை ஏற்றது. பெருவிரல் ரேகை பதிந்த குடியிருப்புச் சான்றிதழை நுழைவுரிமைக்குப் போதிய ஆதாரமாகவும் ஏற்றது. என் மாணவியும் இன்று விரல் ரேகை கொடுக்கத்தான் போகிறாள்.

இனி பிரிட்டனுக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி காமன்வெல்த் நாடுகளின் மக்கள் பிரிட்டனுக்குள் தடையின்றி வரலாம். 1962இல் அந்தக் கதவு பாதி மூடப்பட்டது. எனினும் ஏற்கெனவே குடியேறியவரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் வரும் உரிமை நீடித்தது. 1969இல்தான் காகிதம் கட்டாயமாயிற்று. மனைவி தன் நாட்டிலேயே பிரிட்டிஷ் தூதரகத்தில் நுழைவுச் சான்று பெற்ற பின்னரே பயணம் செய்ய முடியும். டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் வரிசை மாதங்களில் தொடங்கி ஆண்டுகளில் முடிந்தது.

கிராமத்தில் பிறப்புச் சான்று என்பதே அரிது. திருமணத்துக்கு இமாமின் வாய்ச்சொல்லும் ஊராரின் நினைவுமே ஆதாரம். எனவே அதிகாரிகள் கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேள்வி கேட்டனர். வீட்டில் எத்தனை அறை? திருமணத்துக்கு யார் யார் வந்தனர்? கணவனின் தம்பிக்கு எத்தனை பிள்ளைகள்? விடைகள் பொருந்தாவிட்டால் 'உறவு நிறுவப்படவில்லை' என்று முத்திரை. பத்தாண்டு பிரிந்திருந்த கணவனும் மனைவியும் ஒரு வீட்டின் சன்னல்களை ஒரே எண்ணிக்கையில் சொல்லாதது பொய்க்குச் சான்றாயிற்று. என் சொந்த வீட்டுச் சன்னல்களை எண்ணாமல் சொல்ல என்னால் முடியாது.

அந்தக் காலத்தின் இன்னொரு நிகழ்ச்சியைக் குடும்பங்கள் படிக்கும் இப்பக்கத்தில் விரித்து எழுத மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் செய்யவிருந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். மணப்பெண்ணாக வருபவருக்கு அப்போது காத்திருப்பு இல்லை. மனைவியாக வருபவருக்கு உண்டு. ஆகவே இவர் ஏற்கெனவே மணமானவராய் இருக்கலாம் என்பது அதிகாரிகளின் ஐயம். செய்தித்தாளில் வெளியானதும் அந்தச் சோதனை தடை செய்யப்பட்டது. இதுபோன்ற சோதனைகள் குறைந்தது 80 நடந்தன என்பது 2011இல் ஆய்வாளர்கள் அரசு ஆவணங்களைத் திறந்து படித்தபோது வெளிவந்தது. காகிதத்தை நம்பாதவர்கள் உடலைக் காகிதமாக்கினர்.

அறிவியல் ஒரு முறை நம் பக்கம் நின்றது. அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த டி.என்.ஏ. ரேகை முதன்முதலாகப் பயன்பட்டது கொலை வழக்கில் அன்று. 1985இல் கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் தன் தாயின் மகன்தான் என்பதை நிறுவவே அது பயன்பட்டது. பின்னர் வங்கதேசக் குடும்பங்களும் அச்சோதனையை நாடின. முன்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுள் பலர் உண்மையிலேயே அந்தத் தந்தையரின் பிள்ளைகள் என்று தெரிந்தது. அதற்குள் அவர்களில் பலர் 18 வயதைக் கடந்திருந்தனர்.

கணவர்களுக்கு நேர்ந்தது வேறு கதை. 1980ஆம் ஆண்டு விதிகளில் 'முதன்மை நோக்கம்' என்றொரு நிபந்தனை வந்தது. பிரிட்டனில் வாழும் பெண்ணை மணக்கும் ஆண், இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது இல்லை என்று தானே நிறுவ வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிறுவுவது? பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்றாலே ஐயம். அப்துல் அஸீஸ், கபாலஸ், பால்கந்தாலி என்ற மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றனர். ஆண் மனைவியை அழைத்து வர எளிது, பெண் கணவனை அழைத்து வரக் கடினம் என்பது பாலினப் பாகுபாடு என்று 1985 மே மாதம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. பிரிட்டிஷ் அரசு தீர்ப்பை மதித்தது. மதித்த விதம்தான் வியப்பு. கணவர்களுக்கான கடினத்தை நீக்குவதற்குப் பதிலாக அதை மனைவியருக்கும் விரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது. அந்த நிபந்தனை 1997 ஜூனில்தான் ஒழிந்தது.

மொழி மீண்டும் வந்தது இந்நூற்றாண்டில். நெதர்லாந்து 2006இலும் ஜெர்மனி 2007இலும் வரவிருக்கும் வாழ்க்கைத் துணைக்குத் தாய்நாட்டிலேயே மொழித் தேர்வு வைத்தன. ஜெர்மனியில் கணவன் இருக்கும் பெண்கள் சென்னையில் ஜெர்மன் வகுப்புக்கு அலைந்ததைப் பலர் அறிவர். பிரிட்டன் 2010 நவம்பர் 29 முதல் ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. கணவர்கள் பாகிஸ்தானிலும் யெமனிலும் இருந்த இரு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். யெமன்காரர் பள்ளிக்கே போகாதவர். அவர் நாட்டில் தேர்வு மையமும் இல்லை. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விதி தன்னளவில் சட்டவிரோதமன்று என்றது. ஆனால் விலக்கு அளிப்பதற்கான வழிகாட்டுதல் மிகக் குறுகியது, பலருடைய குடும்ப வாழ்வுரிமையை அது மீறக்கூடும் என்றும் சொன்னது.

அடுத்த இரண்டே மாதத்தில், 2016 ஜனவரியில், பிரதமர் கேமரன் நம் பெண்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். பிரிட்டனில் ஒரு லட்சத்து 90 ஆயிரம் முஸ்லிம் பெண்களுக்கு ஆங்கிலம் சிறிதளவே தெரியும் அல்லது அறவே தெரியாது. வகுப்புகளுக்கு இரண்டு கோடி பவுண்டு தருவோம். முன்னேறாதவர் தொடர்ந்து தங்க முடியாமல் போகலாம் என்றார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஆங்கில வகுப்புகளுக்கான நிதியைப் பாதிக்கும் கீழே குறைத்ததும் அவருடைய அரசே. அப்பேச்சின் விளைவாக 2017 மே 1 முதல் விசா நீட்டிப்புக்கு ஏ2 நிலை கட்டாயமாயிற்று. அதற்கு முன்பே, 2013 அக்டோபர் முதல், நிரந்தரத் தங்குரிமைக்குப் பி1 நிலையும் 'பிரிட்டனில் வாழ்க்கை' என்ற பொது அறிவுத் தேர்வும் சேர்ந்தே தேவைப்பட்டன. காத்திருப்புக் காலமும் வளர்ந்தது: ஓராண்டாக இருந்தது 2003இல் ஈராண்டாகி, 2012 ஜூலையில் ஐந்தாண்டாயிற்று. அந்த ஐந்தாண்டு இரண்டு தவணைகளாகப் பிரிக்கப்பட்டதால்தான் 'நீட்டிப்பு' என்ற இடைநிலையே பிறந்தது.

மொழி கற்பதை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டா. நபி (ஸல்) அவர்களின் பணிப்பின் பேரில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை ஏறக்குறைய அரை மாதத்தில் கற்றதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் சொல்கிறேன். மருத்துவரிடம் தன் நோயைத் தானே சொல்லத் தெரியாத பெண் எவ்வளவு துன்பப்படுவாள் என்பதும் தெரியும். கற்பதற்கு உதவுவது ஒன்று. கற்காவிட்டால் கணவனிடமிருந்து பிரிப்பேன் என்பது மற்றொன்று. நேட்டாலின் துறைமுக அதிகாரி முதலாவதைச் செய்ததில்லை.

என் மாணவியின் தேர்வு எப்படிப்பட்டது என்று கேட்டு அறிந்தேன். ஏ2 நிலையில் பேசுவதும் கேட்பதும் மட்டுமே; எழுதுவது இல்லை. டிரினிட்டி கல்லூரி நடத்தும் மூன்றாம் படித் தேர்வில் தேர்வாளருடன் ஏழு நிமிட உரையாடல். வீட்டு வாழ்க்கை, வேலை, அக்கம்பக்கத்து இடங்கள், வானிலை, ஓய்வு நேரம், நாளும் நேரமும் என்பன பொருள்கள். ஐஇஎல்டிஎஸ் 'லைஃப் ஸ்கில்ஸ்' தேர்வை எடுத்தால், இன்னொரு தேர்வருடன் சேர்ந்தமர்ந்து பேச வேண்டும். "பரீட்சைல மார்க்கெல்லாம் நல்லா வாங்குவா ஹஜ்ரத், வாயத் தொறக்கத்தான் பயம்" என்றார் அவள் தாய். இது அவள் ஒருத்தியின் குறையன்று. வாய்விட்டுப் பேசும் பயிற்சியை நம் பள்ளிகள் தருவதில்லை. வீட்டில் கணவன் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாலே இந்த ஏழு நிமிடம் கடந்துவிடும். பல கணவர்கள் இதைச் செய்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேர்வு, அரசு ஏற்ற பாதுகாப்பான பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் சான்று செல்லாது. இந்தக் கடுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 பிப்ரவரியில் பிபிசி தொலைக்காட்சி ஒரு தேர்வு மையத்தின் மோசடியைக் காட்டியது. அதன்பின் அந்தத் தேர்வை நடத்திய நிறுவனம் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகளைப் பரிசோதித்து 97 சதவீதம் ஐயத்துக்குரியவை என்றது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் விசா இழந்தனர். தவறு செய்யாத பலரும் அதில் சிக்கிப் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நின்றனர்.

பணக் கணக்கு 2012 ஜூலையில் வந்தது: அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. அதற்கு முன்பே இந்த வழியில் நுழைந்து அதே துணையுடன் நீட்டிப்போருக்குப் பழைய தொகையே போதும். என் மாணவி அவ்வகை, அல்ஹம்துலில்லாஹ். நீட்டிப்பின்போது அவளுடைய சொந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம். சம்பளம் என்றால் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம். சீட்டில் உள்ள தொகை வங்கியில் அப்படியே விழுந்திருக்க வேண்டும். கையில் பணமாகச் சம்பளம் வாங்கும் நம் கடைக்காரப் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகின்றனர். விண்ணப்பக் கட்டணம் தனி. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய மருத்துவக் கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. இரண்டரை ஆண்டுக்கு 2,587 பவுண்டு 50 பென்ஸ்.

பிறகு, சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரம். கணவன் மனைவி இருவர் பெயருக்கும் வந்த ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, ஈராண்டுக் காலத்தில் பரவியவையாக வேண்டும்: உள்ளாட்சி வரி, மின்சாரம், தண்ணீர், வங்கி, வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை. நம் வீடுகளில் எல்லாச் சீட்டும் ஆண் பெயரில் வரும். மஹரைத் தன் சொந்தச் சொத்தாகப் பெற்று, தந்தையின் பெயரை இறுதிவரை தாங்கும் உரிமை பெற்ற பெண், மூன்றாண்டு வாழ்ந்த வீட்டின் ஒரு மின்கட்டணச் சீட்டில்கூட இல்லை. மணமான முதல் மாதத்திலேயே அவள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இவையெல்லாம் சேர்ந்து, விசாவின் முடிவு நாளுக்கு முன் அனுப்பப்பட வேண்டும். முன்னரே அனுப்பிவிட்டால் பதில் வரும்வரை பழைய உரிமை தொடரும். பின்னர் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். தேர்வுக்குப் பதியும் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒன்றாக இராவிட்டால் தேர்வறைக்குள்ளேயே விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா மதத் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. அந்தப் பதிவுக்கு அடிப்படை நம் தஃப்தர். பிரிட்டனிலேயே நிக்காஹ் செய்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: பள்ளிவாசலில் நிக்காஹ் மட்டும் செய்து அரசுப் பதிவு செய்யாவிட்டால், அந்நாட்டுச் சட்டத்தில் அது திருமணமே ஆகாது என்பதை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. மர்யமின் வழக்குக்கு நூறாண்டு கழிந்த பின்னும் நிலைமை இதுதான்.

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. தேர்வு அடுத்த வியாழக்கிழமை. எங்கள் ஜமாஅத்தில் இப்போது தஃப்தரின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம்: 'கடவுச்சீட்டு அல்லது ஆதாரில் உள்ளபடி ஆங்கில எழுத்து'. போன ஞாயிறு நடந்த நிக்காஹ்வில் மணமகனின் பெயரை அதில் எழுதும் முன் அவருடைய கடவுச்சீட்டைக் கேட்டேன். மாப்பிள்ளையின் வாப்பா சற்று முகம் சுளித்தார். பையைத் துழாவி எடுத்து வர இருபது நிமிடம் ஆயிற்று; சபை காத்திருந்தது.